வினைமுற்று

புதுக்கடை, ஐந்தாம் இலக்க நீதிமன்றம்.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகியது.
கூண்டில் திலகேஸ்வரி,
செட்டியார்தெருக் குறுக்கொழுங்கையில்
அடகுக்கடை நடத்துகிறவர்,
வயது ஐம்பத்து மூன்று,
ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பித்த
ரிவோல்வர் ஒன்றின் சொந்தக்காரி.

நான் உரைபெயர்ப்பாளன்.
எனக்குக் கருத்துக் கிடையாது.
தமிழை வாங்கிச் சிங்களமாய்த் திருப்பிக் கொடுப்பேன்.
அதுவும் அடகுக்கடைதான்,
வட்டி மட்டும் எடுக்கக்கூடாது.

"துவக்கை என்ன செய்தீர்கள்?"
பொலிஸ் தரப்புக் கேட்டது.

"தூக்கினனான்."

பின்வாங்கில் நாலைந்து தோள்கள் இறுகின.
அந்த வினைச்சொல்லுக்கு எங்கள் ஊர்களில்
வேறொரு வயது, வேறொரு சீருடை.
லாச்சியிலிருந்து மேசைக்கு எடுத்தவள்
தெரியாமல் அதை எடுத்துவிட்டாள்.
ஒரு மூச்சளவு தாமதித்தேன்.
தாமதம் பதிவேட்டில் ஏறாது.

சிங்களத்தில் எனக்கு மூன்று கதவுகள் தெரிந்தன.
பென்னுவா என்றால் காட்டினார்;
அவர் வீட்டுக்குப் போகலாம்.
எல்ல களா என்றால் குறிவைத்தார்;
வெலிக்கடை பஸ் வாசலில் நிற்கிறது.
நடுவில் திக் களா, நீட்டினார்.
அதற்குள் பத்துத் தவணை நடக்கும்.

காட்டு.
இந்த நகரம் எனக்குச் சொல்லித்தந்த முதல் ஏவல்.
ஆமர் வீதிச் சாவடியில்
அட்டையைக் காட்டு, பையைக் காட்டு,
கையை விரித்துக் காட்டு.
காட்டியவனை விட்டுவிடுவார்கள் என்று
அப்போது நம்பினேன்.

அதட்ட கத்தா, என்றேன் கடைசியில்.
கையில் எடுத்தார், அவ்வளவே.
தமிழ்க் காதுக்கு மட்டும்
யாரோ யாரையோ அதட்டிக் கத்தியதுபோல இருக்கும்.

சட்டத்தரணி ரிஸ்மியா எழுந்தார்.
கத்தி கண்ணாடியைத் தட்டிய பிறகுதான்
துவக்கு வெளியே வந்தது.
கடைக்குப் பின்கதவு இல்லை.
முன்கதவில் மற்றவன், தலைக்கவசம் கழற்றாமல்.
அவர்கள் கேட்டது
தாதி ஒருத்தி அடகுவைத்த இரட்டைக் காப்பு.
தோட்டா ஆறும் அப்படியே இருக்கின்றன,
எண்ணிப் பாருங்கள்.
உயிருக்கு அஞ்சியவள் ஓர் உயிரையும் எடுக்காமல்
அச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.
தண்டனைச் சட்டக்கோவை இதற்கு இடம் தருகிறது.

தரும், என்றார் பொலிஸ் அதிகாரி,
ஆபத்து நிற்கும் வரைக்கும்.
படத்தை ஓடவிட்டார்.

ஒலியில்லாத கமரா.
நாலு பதினொன்று, இருபதாவது செக்கன்: கத்தி.
இருபத்திரண்டு: துவக்கு.
இருபத்தைந்தில் அவன் முகம் போய் முதுகு வந்தது.
இருபத்தொன்பதிலும் அந்த முதுகு
வாசலை நோக்கிச் சுருங்கிக்கொண்டிருக்க
துவக்கு இறங்கவில்லை.

அந்த நாலு செக்கனுக்காகத்தான்
எல்லோரும் காலையில் குளித்து வந்திருந்தோம்.
முகத்துக்குக் காட்டினால் தற்காப்பு.
முதுகுக்குக் காட்டினால்
அதற்கு என்ன பெயர்?
வெளியே ஓடியவன் மோட்டார் சைக்கிளில் சறுக்கி
முழங்கால் பெயர்ந்து
முறைப்பாட்டுக்காரன் ஆகியிருந்தான்.
முன்வரிசையில் கட்டோடு இருந்தான்.
அவனுக்கும் பயந்த முகம்தான்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.
திரும்பி ஓடுகிறவனுக்கு ஏன் பிடித்திருந்தீர்கள்?

திலகேஸ்வரி தன் கையைப் பார்த்தார்,
அடகுக்கு வந்த பொருளைப் பார்ப்பதுபோல,
உரசிப் பார்க்காத குறை.
"இறங்கச் சொன்னனான், ஐயா.
கை சொல்லுக் கேக்கேல்ல."

இதை மட்டும் சொல்லுக்குச் சொல் கொடுத்தேன்.
சிங்களத்திலும் கைகள் அப்படித்தான் போலும்.
நீதவான் எழுதிக்கொண்டிருந்த பேனை
சற்று நின்று, பிறகு எழுதியது.
என்ன எழுதியதென்று
என் இடத்திலிருந்து தெரியாது.

அடுத்த தவணை பதினான்காம் திகதி.
வழக்குப்பொருளை மண்நிறக் கடதாசியில் சுற்றி
அரக்கு வைத்தார்கள்.

நடைகூடத்தில் மறித்துக் கேட்டார்:
"தம்பி, நான் சொன்னதை
நீர் என்னவெண்டு சொன்னனீர்?"

கட்சிக்காரரோடு கதைக்க எனக்கு அனுமதியில்லை.
தலையை மட்டும் அசைத்தேன்;
ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.
படிகளில் இறங்கிப் போனார்,
இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப்
பிடித்தபடி.