ஊசிக் கணக்கு

ஊர்ப் பெயரே சீடார் பார்க்.
வீடு வாங்கும்போது யாரும் எச்சரிக்கவில்லை.
பெயர்ப் பலகையிலேயே எழுதியிருந்ததே என்கிறான் சேந்தன்.

டிசம்பர் கடைசியில் ஒரு வாடைக்காற்று வந்து உலுக்க
மரங்கள் புகைகின்றன.
முதல் வருடம் காடு தீப்பிடித்ததென்று
போனைக் கையில் எடுத்துவிட்டேன்.
கார்க் கண்ணாடி மேல், யாரோ
மஞ்சள் இடித்துவிட்டுத் துடைக்காமல் போனதுபோல் தூள்.
அதன்பின் ஆறு வாரம்
நான் எது பேசினாலும்
அழுதுகொண்டே பேசுவதாகக் கேட்கும்.

முள்ளை முள்ளால் எடுக்கிற வைத்தியம்தான்.
அதே மகரந்தத்தைக் கரைத்து
துளியிலும் துளியாகக் கையில் ஏற்றி
"பகையில்லை, பழகிக்கொள்" என்று
உடம்பைச் சமாதானப்படுத்துவது.
வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று.
மூன்று வருடம். ஐந்தும் ஆகலாம்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.
காப்பீட்டைக் கேளுங்கள் என்றார் மருத்துவர்.
கோடு எண்ணைக் கேட்டு வாருங்கள் என்றது காப்பீடு.
எண்ணோடு போனேன்; எத்தனை டோஸ் என்றார்கள்.
அது உங்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைப் பொறுத்தது
என்றார் மருத்துவர்.
சம்பந்தம் பேசுகிற வீட்டில்கூட
இதைவிடச் சீக்கிரம் தொகைக்கு வந்துவிடுவார்கள்.

மளிகைச் சீட்டின் பின்னால் எழுதினேன்:
முதுகில் அறுபது கீறல், கீறலுக்கு இவ்வளவு.
குப்பி கலக்கக் கூலி.
குத்தக் கூலி தனி.
குத்தியபின் அரை மணி உட்கார்ந்திருக்க வேண்டும்,
அது இலவசம்;
என் வேலையில் அந்த அரை மணி ஒன்பது டாலர்.
ஆபத்துக்கென்று பையில் ஒரு எபிநெஃப்ரின் பேனா,
காலாவதி ஆவதற்கென்றே வாங்குவது.

மறுபக்கம்:
மாத்திரை, மூக்கு ஸ்ப்ரே, பெட்டி பெட்டியாக டிஷ்யூ,
சம்பளமில்லாத நான்கு விடுப்பு.
இனியன் மேடையில் ஆமையாக நடித்த அன்று
தும்மல் அடங்காமல் அரங்கத்துக்கு வெளியே
நின்றிருந்தேன் நான்.
அதை எந்த வரியில் சேர்ப்பதென்று தெரியாமல்
பால், முட்டைக்குக் கீழே எழுதி வைத்தேன்.

நாற்பது நிமிடக் காத்திருப்பு இசைக்குப் பிறகு
பில்லிங்கில் ட்விலா என்றொரு பெண் கிடைத்தாள்.
பேச்சின் நடுவே தும்மினாள்.
பிறகு தொடர்ந்து மூன்று.
"நீங்கள் இந்த ஊசி போட்டுக்கொள்வதில்லையா?"
"கட்டுப்படியாகாது, கண்ணு" என்றாள்
கணக்கில் ஒரு வரியைப் படிப்பதுபோல.
அப்புறம் குரல் தாழ்ந்தது.
"ஆகஸ்டில் உங்களுக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது.
இந்த வருடம் கைக்காசு கட்டவேண்டிய வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.
முப்பத்தொன்றாம் தேதிக்குள் குப்பியைக் கலக்கச் சொல்லுங்கள்.
ஒன்றாம் தேதி எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்."

பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது காப்பீடு,
மரம் புகைகிற அதே வாரத்தில்.

குடல்வால் அழுகிய புண்ணியத்தில்
இருபத்தொன்பதாம் தேதி
என் பெயர் ஒட்டிய இரண்டு குப்பிகள்
குளிர்பெட்டியில் ஏறின.
நன்றி சொல்ல ட்விலாவைக் கூப்பிட்டேன்.
வேறு யாரோ எடுத்தார்கள்.
அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லையாம்.

இன்று ஒன்பதாவது ஊசி.
அரை மணி முடிந்ததும் நர்ஸ் மரிசெல்
என் சட்டைக் கையை மடித்துக் குனிந்து பார்த்தாள்.
வீக்கத்தை இங்கே நாணயத்தால்தான் அளக்கிறார்கள்.
போன வாரம் கால் டாலர்.
"இன்று பத்து சென்ட்" என்று குறித்துக்கொண்டாள்.
இந்தக் கட்டடத்தில் ஒருவர்
தயங்காமல் எனக்கொரு தொகை சொல்கிறார்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து சேந்தனுக்கு அனுப்பினேன்:
கால் டாலர் பத்து சென்ட்டாகக் குறைந்துவிட்டது.
எது, என்று கேட்டான்.
கை, என்றேன்.