ஆடை கிழியாமல்

எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்:
"உச்சத்தில எவ்வளவு ஓடும்?"
வவுணதீவுச் சந்தியில் கேட்டார்கள்.
வலையிறவுப் பாலத்தில் தூண்டில் போட்டிருந்தவன்
நூலிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டான்.
கார்மென்ட்ஸுக்குப் போகிற என் மச்சாள் தவேந்தினி,
அவளும்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு.
பின்கரியரில் ஒரு பலகை,
பலகையில் பதினாறு தயிர்ச்சட்டி,
இடையில் வைக்கோல் திணித்து
பழைய டியூப்பால் இறுக்கியது.
பழைய கொன்ட்ரோலர் பதினைந்து அம்பியர்.
கைபிடியை ஒரு நெல்லளவு திருகினாலும்
கட்டவிழ்த்த நாம்பன்போல ஓர் உதை.
பதினாறும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.
டவுனில் மூடியைத் திறந்தால்
வெட்டுப்பட்ட தயிர், மேலே ஒரு விரல் தண்ணீர்.
"முந்தநாளையதோ?" என்பார் கடைக்கார லாபிர்.
இல்லை, நேற்றிரவு உறை ஊற்றியது.
வழியில் என் சைக்கிள்
அதற்கு வயதைக் கூட்டிவிட்டது.

சேர்த்த காசு பதினோராயிரத்து ஐந்நூறு.
வந்தது ஒரு சின்னப் பொதி,
அலுமினிய விலா எலும்புகளோடு.
இருபத்தைந்து அம்பியர், சைன் அலை.
பழையது படிக்கட்டில் தடதடவென ஏறுமாம்,
இது தோணி கரையை விட்டு விலகுவதுபோலப் போகுமாம்.
விற்றவன் சொன்னான்.
அவன் தோணியில் ஏறியிருப்பானோ தெரியாது.

இரவு எட்டரைக்கு முற்றத்தில் சாக்கு விரித்தேன்.
மஞ்சளோடு மஞ்சள்,
பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம்.
நிறம் ஒத்தும் மனம் ஒக்கவில்லை:
சில்லு பல்லைக் கடித்தது, நடுங்கியது, நின்றது.
யோகேஸ் டோர்ச்சை என் கையில் தந்துவிட்டு
படுக்கப் போனார்.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு வெள்ளை வயரை ஒன்றாய்ச் சேர்த்தேன்.
அப்படிச் செய்தால் தானாகப் பழகிக்கொள்ளுமாம்.
தூக்கி நிறுத்திய சில்லு மெல்லச் சுழன்றது,
பின்பக்கமாக.
விட்டால் ஆயித்தியமலைவரை பின்னோக்கியே போயிருக்கும்.
கழற்றினேன், மறுபடி சேர்த்தேன்.
இப்போது முன்பக்கம்.
சத்தமே இல்லை.
கொட்டிலில் எருமை அசைபோடுவது கேட்டது.

முதல் நாள் போகும்போது நல்ல ஓட்டம்.
வரும்போது கச்சான்.
படுவான்கரையில் என் பாதைக்கு மேடு கிடையாது,
காற்றுதான் மேடு.
பாலத்தில் வெறுஞ்சட்டிகள் வாய்திறந்து ஊத
முழுதாகத் திருகினேன்.
கொன்ட்ரோலர் கேட்டது,
பற்றரி கொடுத்தது, கொடுத்தது,
பிறகு கதவைச் சாத்திக்கொண்டது.
பழுதான லப்டொப்புகளில் பிரித்தெடுத்த செல்கள்.
இருபத்தைந்து கேட்டால் எங்கே போகும் அவை?
நடுப்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன்.
தூண்டில்காரன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்:
"இப்ப எவ்வளவு ஓடுது கா?"

அன்றிரவு எல்லையைப் பதினெட்டுக்கு இறக்கினேன்.
காசு கொடுத்து வாங்கிய ஏழு அம்பியர்
பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது.
கிடக்கட்டும்.

மறுநாள் லாபிர் மூடியைத் திறந்தார்.
தடித்த ஆடை, ஓரத்தில்கூட விரிசல் இல்லை.
கரண்டியின் முதுகால் தட்டினார்.
தயிர் ஒருமுறை அசைந்து
தானே நின்றது.
"எவ்வளவு ஓடும் புள்ள, இந்தச் சைக்கிள்?"
"தெரியாது. எப்பிடி வெளிக்கிடும் எண்டு கேளுங்க."
அவர் கேட்கவில்லை.
பதினாறையும் எண்ணி உள்ளே வைத்தார்,
மற்ற நாளில் நாலைந்தைத் தள்ளி வைப்பவர்.

பழையது ஜன்னல் விளிம்பில் கிடந்தது.
சனிக்கிழமை தவேந்தினி வந்தாள்,
எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள்,
கைப்பைக்குள் போட்டாள்.
"அது உதைக்கும்," என்றேன்.
"உதைக்கட்டும்.
என்னட்டத் தயிரா இருக்கு?
ஏழு மணிக்கு கேட் பூட்டுறான்."