முழங்கால் கணக்கு

கெண்ட் ரிட்ஜில், ஏழாவது மாடியில்
பதினோரு வருடமாக நான் பார்த்தது
பாறைக்குள் எண்ணெய் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதை.
ஒரு ஏப்ரலில்
பாறையை எடுத்துவிட்டு விடுதியை வைத்தார்கள்.
சமன்பாடு மாறவில்லை.

கோப்பிக் கடையில் பார்த்திருப்பீர்கள்:
துணிப்பையில் தூள் இறுகிக் கிடந்தால்
வெந்நீர் மேலேயே நின்று யோசிக்கும்.
சற்றே தளர்ந்தால் போதும்,
எந்த வழி என்று யாரும் சொல்லாமலே
அடிவரை இறங்கிவிடும்.
நிற்பதற்கும் இறங்குவதற்கும் நடுவே
ஓர் எண் இருக்கிறது.
சதுரக் கட்டமென்றால் புள்ளி ஐந்து ஒன்பது.
என் சம்பளம் அந்த எண்ணுக்குத்தான்.

ஆனால் என் புள்ளிகள் குடிகாரனைப்போல நடந்தன,
எட்டுத் திசையும் ஒன்றே என்று.
ஆட்கள் அப்படி நடப்பதில்லை எனத் தெரியும்.
எப்படி நடக்கிறார்கள் எனத் தெரியாது.
ஆகவே முகக்கவசம், கேள்வித்தாள், துவாஸ்.

"ஒரு நாளில் எத்தனை பேர்
ஒரு மீட்டருக்குள் வருகிறார்கள்?"
பேராவூரணிக் குழந்தைவேலு சிரிக்கவில்லை.
"ரூம்ல பன்னெண்டு கட்டில். அது சுலபம்.
குளிக்கிற வரிசைல முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன்.
லாரிலதான் கஷ்டம், மேடம்.
முழங்காலை எண்ணுங்க.
ரெண்டால வகுத்துக்குங்க."

எழுதிக்கொண்டேன். வகுத்தேன்.
அன்றிரவு திரையில் முதல்முறையாக
புள்ளிகள் விடியற்காலை ஐந்தரைக்கு
ஒன்றாகக் கிளம்பின.

எதை நீக்கினால் வலை அறும் என்று கேட்டேன்.
மூன்று மணி நேரம் முனகிவிட்டு
கணினி ஒரே ஒரு புள்ளியைச் சிவப்பாக்கியது,
எல்லா மாடியையும் தொட்டுக்கொண்டிருந்த புள்ளி.
எண் நானூற்றுப் பதினேழு.
தாளைப் புரட்டினேன்.
குழந்தைவேலு.
படியேறிச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பவர்.
டாப்-அப் கார்டு வாங்கித் தருபவர்.
காய்ச்சல்காரன் கதவைத் தட்டி
"எந்திரிச்சியாடா" என்று கேட்டுவிட்டு
பதில் வரும்வரை நிற்பவர்.

'உயர் இணைப்புக் கணு' என்று அறிக்கையில் எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி எழுதினேன், வேறு சொல் இல்லாததால்.
நோய் போகும் வழியையும் சோறு போகும் வழியையும்
என் மென்பொருள் ஒரே கோடாகத்தான் போடுகிறது.
வேறு நிறம் கேட்டுப் பார்த்தேன்.
அதற்கு அந்தப் பழக்கம் இல்லை.

காலை எட்டுக்குள் அனுப்ப வேண்டும்.
அவருக்கு நல்ல முகக்கவசம் இரண்டு பெட்டி,
பொட்டலம் வைக்க மாடிக்கொரு மேசை என்று
பின்னிணைப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்,
சமன்பாடுகளுக்கெல்லாம் கீழே,
எண் போடாமல்.