இரண்டாவது கியரில்

எட்டு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு
துக்க வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் போல
கோரிமேட்டுத் தட்டுவடை வண்டிக்கு வந்து நின்றோம்.
மணி பத்தேமுக்கால்.

"தகரத்துக்குக் கண்ணீர் வச்சுட்டாங்கடா"
என்றான் சித்தேஸ்வரன்,
கொலுசுக்குப் பற்றுவைத்துச் சிவந்த கண்ணோடு.

புத்தகத்தில் தகரம் அழாது.
வேற்றுக் கிரகத்துக்குக் குடிநீர் வரி வசூலிக்கப் போன
குமாஸ்தா பூவராகனின் இயந்திர உதவியாள்.
ஐந்து பாகத்திலும் அதற்கு ஒரே வசனம்:
"ரசீது இருக்கா?"
நட்சத்திரம் வெடிக்கும்போதும் அதுதான்,
பூவராகன் மூச்சிழுத்துக்கொண்டு கிடக்கும்போதும் அதுதான்.
அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தோம்.
அந்த இடத்தில்தான், சொல்ல வெட்கம், மற்றதும்.

கோகிலவாணி பழைய சீரியல் கட்சி.
ஞாயிறு காலை, பதிமூன்று வாரம்,
இட்லிக் குண்டானைக் கவிழ்த்து விண்கலம்.
கயிறு தெரியும்,
கயிற்றைப் பிடித்திருக்கும் கையும் தெரியும்.
"அந்தக் கை இருக்கே, அதுக்குக் கொடுக்கணும் அவார்டு"
என்பாள்,
மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்ற காலை
மாற்றி மாற்றி ஊன்றியபடி.
"இவங்க கோடிக் கணக்குல கொட்டிக்
கயித்த அழிச்சாங்க. சிரிப்பும் சேந்து போச்சு."

தாவூதுக்கு இரண்டுமே ஆகாது.
அடிக்குறிப்பை எப்படிப் படம் எடுப்பாய், சொல்.
மேலே கதை தலைதெறிக்க ஓடும்,
கீழே எறும்பு எழுத்தில் ஒருத்தர்
சனி வளையத்தின் பட்டா விவகாரத்தை
நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பாரே,
அவருக்காக எந்தக் கேமராவைக் குனிய வைப்பாய்?*

நான் ஜெராக்ஸ் கடைக்காரன்.
நான்காம் பாகம் அச்சில் இல்லாத ஏழு வருஷம்
சேலத்துக்குள் அது என் மெஷினில்தான் பெருகியது.
நூற்றுப் பதினெட்டாம் பக்கம் மட்டும்
எப்படிப் போட்டாலும் கறுப்பாய் விழும்.
அதில் பூவராகன் என்னதான் பார்த்தான் என்று
ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர்
அது கடவுள் என்றே சத்தியம் செய்தார்.
இன்று ஏழாம் எபிசோடில் காட்டிவிட்டார்கள்.
ஒரு கதவு.
சும்மா, நீல வெளிச்சத்தில் ஒரு கதவு.

பேச்சு தகரத்தின் குரலுக்குத் தாவியது.
சித்தேஸ்வரன் கரகரத்துச் சொல்லிக் காட்டினான்.
"தாலுகா ஆபீஸ் சலிப்பு வரணும்" என்று
கோகிலா இழுத்துச் சொன்னாள்.
தாவூத் மூக்கால் பேசியதில்
பீட்ரூட் துருவல் புரையேறியது.
பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவிய விரலை
வேட்டியில் துடைத்தபடி,
ஐந்து பாகத்தில் ஒரு வரி படித்திராத
வண்டிக்கார மாதையன் நிமிர்ந்தார்:

"சில்லறை இருக்கா?"

யாரும் வாய் திறக்கவில்லை.
ஏற்றமில்லை, இறக்கமில்லை, எங்கள் மேல் கோபமும் இல்லை.
பிரபஞ்சம் முழுக்க அவருக்கு
பாக்கி வைத்திருப்பது போல ஒரு குரல்.
கோகிலா பர்ஸைத் திறந்தாள்,
ஒவ்வொரு நாணயமாக, பயபக்தியோடு.

அப்போதுதான் ஏற்காட்டு மலை இருட்டில்
ஒரு வெளிச்சம் திரும்பியது.
ஏதோ லாரி, காய்கறியோ சிமெண்டோ.
கொண்டை ஊசி வளைவில் காணாமல் போய்
அடுத்த வளைவில் கொஞ்சம் மேலே முளைத்தது.
மலை கண்ணுக்குத் தெரியவில்லை,
ஆகவே அது வானத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தது.
முதல் பாகம், முதல் வரி:
விண்கலம் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே புறப்பட்டது.

கடைசி வளைவில் அது அணையும் வரை
நான்கு பேரும் பார்த்தோம்.
"ம்" என்றான் தாவூத்,
இருபது வருஷத்தில் முதல்முறையாகத் திருப்தியோடு.
பிறகு,
"ஆனா புக்குல ஹெட்லைட் ஒண்ணுதான்."

- - -
* குனியாது. கேட்டுப் பார்த்தாயிற்று. கறுப்புப் பக்கம் இன்னும் கடையில் கிடைக்கும்; பிரதி இரண்டு ரூபாய், ரசீது கிடையாது.