நான்காவது பர்னர்

ஆறு மணிக்கு ஓன்டினா வருவாள், சாவி வாங்க.
பட்டியல் முன்பே வந்துவிட்டது:
ஜன்னல், குளியலறை, அடுப்பு.
அடுப்புக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

திரியெஸ்தேயில் இன்று போரா காற்று.
மேட்டிலிருந்து இறங்கி வந்து
புகைபோக்கியில் வாய்வைத்து ஊதுகிறது.

மூன்று பர்னர்களிலும்
மூன்று வருடம் பொங்கி வழிந்த காப்பி.
துறைமுகக் கிடங்கில் பகலெல்லாம்
காப்பி மூட்டை நிறுக்கிறவனுக்கு
வீட்டிலும் அதன் பக்கத்திலேயே நிற்கப் பொறுமை ஏது.

மூடியை எடுத்தேன், வளையத்தைக் கழற்றினேன்.
வெந்நீர், கொஞ்சம் வினிகர், பழைய பல்துலக்கி.
பல்குச்சி வேண்டாம்.
போன வருடம் நுனி முறிந்து
ஒரு துளைக்குள் குடியேறிவிட்டது.
அதையும் சேர்த்து இன்று ஊசியால் கிளறினேன்.
முப்பத்தாறு துளை.
பதினேழில் எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து.

ஈரத்தோடு மாட்டினால்
டிக் டிக் டிக் என்று பல்லி மாதிரி
சொல்லிக்கொண்டே இருக்கும், பற்றாது.
முடி உலர்த்தி எங்கே?
டேப் ஒட்டி முடித்த பெட்டியில், அடியில்.
கிழித்தேன்.

பின்வரிசை இடது மூலையில் நான்காவது.
நான் குடிவந்த அன்றே ஓன்டினா சொன்னாள்:
அது செத்தது, விட்டுவிடு.
விட்டுவிட்டேன்.
அதன்மேல் உப்பு டப்பா, கரண்டிக் குவளை,
படிக்காத மின்கட்டண ரசீதுகள்.
ஐந்து பேர் சாப்பிட வந்த இரவிலும்
அதைக் கேட்கத் தோன்றவில்லை.
பாஸ்தா வெந்து ஆறும்வரை
மீன் தன் முறைக்குக் காத்திருந்தது.

இன்று உப்பு டப்பாவை இறக்கிவைத்து
சும்மாதான் திருகினேன்.
பற்றியது.
மஞ்சளாய், ஒருக்களித்து,
பிடித்திருக்கும்வரை எரிந்தது, விட்டதும் அணைந்தது.

செத்தது பற்றுமா?

சுடருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோக விரல்.
சூடு உறைக்கவில்லையென்றால்
வாயுவை மூடிவிடுவது அதன் வேலை.
அதன்மேல் யாருடையதோ கரி,
எனக்கு முன்னால் இருந்தவர்களுடையது.
உப்புத்தாளால் நாலு இழுப்பு.
மூடியும் ஒரு மயிரிழை விலகியே
உட்கார்ந்திருந்தது இத்தனை நாளும்.
திருப்பினேன், டொக்கென்று பள்ளத்தில் இறங்கியது.

அழுத்தி, பத்து எண்ணி, விரலை எடுத்தேன்.
நின்றது.
நீலம்.

ஓன்டினா வந்தபோது நான்கும் எரிந்தன.
கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தாள்.
நான்காவதை அணைத்தாள், ஏற்றினாள்.
மறுபடி அணைத்தாள், ஏற்றினாள்.
"பதினோரு வருடம்," என்றாள்,
"வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேனே."
ஜன்னல் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.
நாள் முழுக்கத் துடைத்த ஜன்னல்.

"காப்பி இருக்கிறதா?"
பெட்டியில் இருக்கிறது, கட்டிவிட்டேன்.
கீழே போய்த் தன் பாத்திரத்தையே கொண்டுவந்தாள்.
வேறெங்கும் வைக்கவில்லை, நான்காவதில்தான்.

பிறகு பேச ஆரம்பித்தாள்.
இந்த அடுப்பை வாங்கிய கடை,
அதைப் படியேற்றியபோது மைத்துனன் மாரியோவுக்கு நசுங்கிய விரல்,
பேசாமல் போன அவன்.

முதுகுக்குப் பின்னால் சீறல்.
கரிந்த காப்பி வாசனை.

நான் எழுந்திருக்கவில்லை.
சாவி மேசைமேல்
அவள் பக்கமாக இருந்தது.