கம்பி நுனி

காலை ஐந்தேகால்.
நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து
அளவுக்கம்பியை இறக்குகிறேன்.
நுனியில் பூசிய பசை சிவந்தால் தண்ணீர்.
சிவக்காவிட்டால் டீசல்.
ஈரம் ஏறிய கோட்டைப் படித்து நோட்டில் எழுத வேண்டும்.
கூத்தாநல்லூர் பங்க்கில் பதினோரு வருஷமாய்
பூமிக்குக் காய்ச்சல் பார்ப்பவள் நான்.

செவ்வாய்க்குச் செவ்வாய் டேங்கர் வந்துகொண்டிருந்தது.
பிறகு பத்து நாளுக்கு ஒன்று.
இப்போது "வரும்" என்கிறார் மேனேஜர் ஜபருல்லா,
பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.
நூற்று நாற்பது, நூற்றுப் பன்னிரண்டு, எழுபத்தாறு.
யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை.
சென்டிமீட்டர்களே போதுமாயிருந்தன.

அன்றிரவு வீட்டையும் அளந்தேன்.
ஒரு சிலிண்டர் முப்பத்தெட்டு நாள்.
அரிசியை ஊறப்போட்டு, ஒரு கொதி வந்ததும் அணைத்து,
பானையைப் போர்வையில் சுற்றிவைத்தால்
ஐம்பத்தொரு நாள்.
"சோறு தூங்கி எந்திரிச்சு வருது" என்றான் பையன்.

கொரடாச்சேரியில் பழைய லேடீஸ் சைக்கிள்,
ஆயிரத்து நானூறு.
நாற்பத்துநாலு வயதில்
வெண்ணாற்றுக் கரையில், விடியுமுன்,
விழுந்து விழுந்து ஏறினேன்.
முட்டிக் காயத்தைக் கேட்டவர்களிடம்
வழுக்கிவிட்டது என்றேன்.

அறுப்பு மெஷின் ஓட்டும் என் வீட்டுக்காரர்
சிங்காரவடிவேலு வேறு மாதிரி தயாரானார்.
கட்டிலுக்கடியில் எட்டு கேன்.
"கேன்களில் ஊற்றப்படாது" என்று
பங்க்கில் பலகை எழுதியவள்
டீசல் மேல் படுத்துத் தூங்கினேன்.
மூடி சரியில்லாத ஒன்று
கனவுக்குள் கசிந்தது.
"ஒன் சைக்கிளு நெல்லறுக்குமா?"
"ஒங்க எட்டு கேன் எத்தனை நாளு அறுக்கும்?"
இரண்டு பேரிடமும் பதில் இல்லை.
விளக்கை அணைத்தோம்; அதிலாவது ஒத்துப்போனோம்.

எங்கள் ஆலஞ்சேரி வயல்களுக்கு நடுவே
எண்ணெய்க் கிணற்றுப் பக்கம்
இருபது வருஷம் ஒரு தீ எரிந்தது, இரவும் பகலும்.
வேண்டாத வாயுவாம்.
எங்கள் தெருவுக்கு அமாவாசையே கிடையாது.
பூச்சிகள் அதில் போய் விழும்,
விழுந்ததைத் தின்று தவளைகள் கொழுக்கும்.
அது அணைந்து மூன்று வருஷம்.
ஒரு ராத்திரித் தீயில் எத்தனை சிலிண்டர் என்று
கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.
விடை வந்தால் யார்மேலாவது கோபப்பட வேண்டும்.
அதற்கும் எரிபொருள் வேண்டும்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை.
நட்டு இருபது நாள் ஆன சம்பா,
தண்ணீருக்கு மேல் நுனி மட்டும்.
பங்க்கில் "ஸ்டாக் இல்லை", என் கையெழுத்தில்.
வாசலில் தவசுமணி வந்து நின்றாள்,
மூன்று மா குத்தகைக்காரி,
ஒன்றும் கேட்கவில்லை, சொட்டிக்கொண்டிருந்தாள்.
சிங்காரவடிவேலுதான் கட்டிலுக்கடியில் குனிந்தார்.

ஐந்து கேன் வரை இறைத்தது எஞ்சின்.
ஆறாவதில் இருமிற்று.
பங்க்கிலிருந்து எடுத்துவந்த பசையை
ஒரு குச்சி நுனியில் தடவி விட்டுப்பார்த்தேன்.
சிவப்பு. ஏழும் சிவப்பு. எட்டும்.
அவர் என்னைப் பார்க்காமல்
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.
பின்னாலேயே பதினாலு பேர்.
வடிகாலை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை
இடுப்பளவில் நின்று இழுத்துப் போட்டோம்.
மதியத்துக்குமேல் தண்ணீர்
தானாக நகர்ந்தது.
இரண்டு மா பிழைத்தது.
ஒரு மா அழுகிப்போனது.
தவசுமணி இரண்டுக்கும் சேர்த்தே அழுதாள்.

இன்று கம்பி அடியைத் தொட்டது.
டிங்.
தேதி போட்டேன். சைபர் எழுதிப் பழகாத கை
கொஞ்சம் நின்றது.
நுனியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து
வெளியே நின்ற சைக்கிளின் சங்கிலியில் தடவினேன்.
இரண்டு சொட்டு இருக்கும்.
மிதித்துப் பார்த்தேன்;
சத்தம் குறைந்திருக்கிறது.