மீண்டும் முயலவும்

ஜுபைலில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சர்வர் அறை உண்டு.
துடைப்பங்களும் அதில்தான் இருக்கும்.
ஆயிரத்து நூற்றுப் பதினேழு பேருடைய விரல்கள்
அங்கே ஒரு கோப்புறையில்.
அதன் பெயர் ‘புதிய கோப்புறை’.
பூட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.

சேர்ந்த வாரமே சொன்னேன்.
விரலைப் படமாக வைக்கக் கூடாது சார்,
ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது,
அந்தக் கணக்கு போதும்.
அதையும் குலைத்து, உப்புப் போட்டு
(கூடவே கலக்கும் ரகசிய எண்ணுக்கு
எங்கள் தொழிலில் உப்பு என்று பெயர்)
சாவியை வேறெங்காவது வைக்க வேண்டும்.
கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம்.
விரல்?
பத்துதான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஹாஸிம் சிரித்தார். எகிப்துக்காரர், கெட்டவர் இல்லை.
“செங்கல் அடுக்குகிறவன் விரலை
யார் திருடப்போகிறார்கள்?” என்று
எனக்கும் ஒரு கிளாஸ் தேநீர் ஊற்றினார்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்
அரபியிலும் இருக்கும்போல.

எண் நானூற்றுப் பதினேழு, இசக்கிப்பாண்டி.
உலைக்குள் போய் நெருப்புச் செங்கல் கட்டுகிறவர்.
சிமெண்ட் தின்ற கட்டைவிரல்.
விடிகாலை நாலே முக்காலுக்கு
வாசல் இயந்திரம் அவரிடம் சொல்லும்:
மீண்டும் முயலவும்.
மூக்கோரம் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைப்பார்.
மீண்டும் முயலவும்.
தலைமுடியில் தேய்ப்பார். பின்னால்
பஸ்ஸுக்கு நிற்கிற நேபாளி விசிலடிப்பான்.
“நான்தாம்ல” என்பார் இயந்திரத்திடம்,
“நேத்தும் நான்தான்.”
நாலாவது தடவை விடும்.

மார்ச் பதினொன்று, தூக்கத்திலேயே போய்விட்டார்.
பதினாறு நாள் காகிதங்களுக்குப் பிறகு
பெட்டி திருவனந்தபுரம் விமானத்தில் ஏறியது.

ஏப்ரல் பதிவேட்டில்
நானூற்றுப் பதினேழு
இருபத்தாறு நாள் வேலை,
முப்பத்தொன்பது மணி நேரம் ஓவர்டைம்.

எண் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு பார்த்தேன்,
இருபத்தாறு நாளும் முதல் தடவையிலேயே விட்டிருக்கிறது.
பொருத்தம் தொண்ணூற்றொன்பது.
மறுநாளும் தொண்ணூற்றொன்பது.
வெள்ளி போய் சனி வந்தும் இம்மி குறையவில்லை.

உயிருள்ள விரல் அப்படி வராது.
வியர்த்திருக்கும். வறண்டிருக்கும்.
ராத்திரி வெங்காயம் அரிந்ததில்
கீறல் ஒன்று கூடியிருக்கும்.
எழுபத்தொன்று, அறுபத்தாறு, எண்பது, மீண்டும் முயலவும்
என்று தடுமாறும்.
அந்தத் தடுமாற்றம்தான் ஆள்.
செத்தவர் மட்டுமே
இவ்வளவு சரியாக வேலைக்கு வருவார்.

யாரோ அந்தப் படத்தை எடுத்து
இயந்திரத்துக்கு ஊட்டியிருக்கிறார்கள்.
சம்பளம் குரும்பூருக்குப் போகவில்லை.
யாரென்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.
இங்கே எழுத மாட்டேன்,
என் பாஸ்போர்ட்டும் அதே ஆள் அலமாரியில்.

போனவர் விரலை அன்றே அழிக்க வேண்டும் என்பது விதி.
அழித்தால் சாட்சியும் போய்விடுமோ என்று
இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தேன்,
அடுத்தவர் உடம்பில் ஒரு துண்டை
கையில் வைத்திருக்கிற கூச்சத்தோடு.
பிறகுதான் உறைத்தது. சாட்சிக்கு விரல் வேண்டாம்,
நேரம் போதும்.

விரலை அழித்தேன்.
நேரங்களை அச்செடுத்தேன், ஏழு தாள்.
ஹாஸிம் ஏழையும் படித்தார்.
தேநீர் ஊற்றவில்லை.
கதவைச் சாத்திவிட்டு யாருக்கோ போன் செய்தார்.

அன்று இரவு, யாரிடமும் கேட்காமல்,
மிச்சம் ஆயிரத்து நூற்றுப் பதினாறையும்
குலைத்து, உப்பிட்டு, பூட்டினேன்.
படங்கள் இருந்த இடத்தில் பூஜ்யம் எழுதினேன்.
அதன்மேல் இன்னொரு பூஜ்யம்.
அதில் என் கட்டைவிரலும் ஒன்று,
எது என்று தேடிப் பார்க்கவில்லை.

காலையில் வாசலில் வரிசை.
புதிதாக வந்த பீகார் கொத்தனார்
விரலை மூக்கோரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.
விசில்.
என் முறை வந்தது.
மீண்டும் முயலவும் என்றது.

முயன்றேன்.